ஜெரி ரைஸ் எந்தக் கல்லூரியில் படித்தார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் சில சாதனைகளை இனி யாரும் தொட முடியாது என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் முதலில் வரும் பெயர் ஜெரி ரைஸ். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 20 சீசன் ஆடியவர். பந்தைப் பிடித்து அவர் கடந்த மொத்த தூரம் 22,895 யார்டு, ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அடுத்த இடத்தில் இருக்கும் லேரி ஃபிட்ஸ்ஜெரால்டின் கணக்கு 17,492 யார்டு. எறியும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரரான ரிசீவர் ஒரு சீசனில் 1,000 யார்டு எடுத்தாலே நல்ல வருஷம் என்பார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் இன்னும் ஐந்து நல்ல வருஷம் ஆடியிருந்தாலும் ரைஸை எட்டியிருக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஒருவர் எந்தக் கல்லூரி அணியில் ஆடி வந்திருப்பார்? அலபாமா, நோட்ரே டேம், ஒஹாயோ ஸ்டேட் என்று பெரிய பெயர்களைத்தான் யாரும் சொல்வார்கள். சரியான பதில், மிசிசிப்பி வேலி ஸ்டேட். மிசிசிப்பி டெல்டாவில், பருத்தி வயல்களுக்கு நடுவே, இட்டா பீனா என்ற சின்ன ஊரை ஒட்டி இருக்கும் ஒரு கறுப்பினக் கல்லூரி.

இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபுட்பாலுக்கு நம் கிரிக்கெட் மாதிரி மாநில அணி, வயதுவாரி அணி என்ற ஏணி கிடையாது. பள்ளியில் ஆட வேண்டும். அங்கே நன்றாக ஆடினால் ஏதாவது ஒரு கல்லூரி உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொள்ளும். கல்லூரியில் ஆடியதைப் பார்த்து என்.எஃப்.எல். அணிகள் வருஷத்துக்கு ஒரு தடவை, டிராஃப்ட் என்ற தேர்வில், வரிசையாக ஒவ்வொருவராக எடுக்கும். போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஆக, தொழில்முறை ஆட்டத்துக்குக் கல்லூரிதான் வாசல். கல்லூரியில் ஆடும்போது, அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட் கண்ணில் படவில்லை என்றால் அநேகமாகக் கதை முடிந்தது.

தெற்கு மாநிலங்களில் அந்த வாசல் கறுப்பின இளைஞர்களுக்கு மிகச் சமீபகாலம்வரை மூடியே இருந்தது. தென்கிழக்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த எஸ்.இ.சி. லீகில் முதல் கறுப்பின வீரர் களமிறங்கியது 1967இல்தான், கென்டக்கி அணிக்காக. அதற்கு முந்தைய தலைமுறைகள் எல்லாம் கிராம்ப்ளிங், ஜேக்சன் ஸ்டேட், சதர்ன், டென்னசி ஸ்டேட், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம், பிரெய்ரி வியூ போன்ற கறுப்பினக் கல்லூரிகளில்தான் ஆடின. தொழில்முறை ஃபுட்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். சிறிய மைதானம், சொற்பப் பணம், டிவி கிடையாது, வெள்ளையர் பத்திரிகைகளில் ஒரு வரி கிடையாது. அப்படி இருந்தும் எப்படி இத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

ரைஸிடமிருந்தே தொடங்கலாம். அவர் 1962இல் ஸ்டார்க்வில்லில் பிறந்தார். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் இருப்பது அதே ஊரில்தான், எஸ்.இ.சி.யில் ஆடும் பெரிய அணி. ரைஸ் வளர்ந்தது அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், க்ராஃபோர்ட் என்ற கிராமத்தில். அப்பா கொத்தனார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கீழே நின்று ஒருவர் செங்கல்லை வீசுவதையும், சாரத்தின் மேல் நிற்பவர் அதைப் பிடித்து அடுக்குவதையும் நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். விடுமுறைகளில் ரைஸுக்கு அந்தச் சாரத்து வேலை. அண்ணன் தம்பிகள் கீழிருந்து செங்கல்களை வீச, இவர் மேலே நின்று பிடிப்பார். கை பழகியது அங்கேதான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். செங்கல் கையில் சரியாக உட்காராவிட்டால் தோல் உரியும். பிறகு லீகில் எல்லோரும் பேசிய அந்தக் கைகள் அப்படி உருவானவை.

ஃபுட்பாலுக்கு வந்த கதையும் விசேஷமானது. பள்ளியில் வகுப்பைக் கட் அடித்துவிட்டு நின்றவரின் பின்னால் துணைத் தலைமை ஆசிரியர் வந்து நிற்க, ரைஸ் எடுத்தார் ஓட்டம். பையன் ஓடிய வேகத்தைப் பார்த்த அவர், தண்டனையோடு ஃபுட்பால் பயிற்சியாளரிடமும் சொல்லிவிட்டார். இப்படித்தான் அணியில் சேர்ந்தார். பள்ளி அளவில் நன்றாகவே ஆடினார். ஆனாலும் பக்கத்திலேயே இருந்த மிசிசிப்பி ஸ்டேட் உட்பட, பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் உதவித்தொகையோடு வந்து நிற்கவில்லை. வந்தவர் மிசிசிப்பி வேலியின் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி.

கூலியைப் பற்றித் தனியாக எழுதலாம். மாட்டுக்காரத் தொப்பி போட்டுக்கொண்டு களத்தோரம் நிற்பார். ‘கன்ஸ்லிங்கர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடித்துக்கொண்டு ஓடுவதை நம்பின. கூலி நான்கு ரிசீவர்களை ஒரே பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவார். பந்து எழும்பியதும் நால்வரும் நான்கு திசையில் பிரிவார்கள். யாரை யார் மறிப்பது என்று எதிரணி முடிவெடுப்பதற்குள், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன் பந்தை எறிந்துவிடுவார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே கூடி நின்று பேசும் வழக்கமும் இல்லை. அடுத்தது என்ன என்பது களத்திலேயே முடிவாகும். 1984 சீசனில் அந்த அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளிக்கு மேல் எடுத்தது. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுன் பந்துகளை டாட்டன் அந்த ஒரே சீசனில் 56 முறை எறிந்தார். அதில் 27ஐப் பிடித்தவர் ரைஸ்.

அந்த வருஷம் மிசிசிப்பி வேலியும் ஆல்கார்ன் ஸ்டேட்டும் இரண்டுமே தோல்வி காணாமல் மோதின. ஆட்டத்தை ஜேக்சன் நகரத்துப் பெரிய மைதானத்துக்கு மாற்றினார்கள். 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். மிசிசிப்பியில் இரண்டு கறுப்பினக் கல்லூரிகள் ஆடுவதைப் பார்க்க அவ்வளவு கூட்டம்! ஆல்கார்ன்தான் ஜெயித்தது. ஆனால் அந்தக் கூட்டத்தின் படத்தை முதல்தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு வந்தது தற்செயல். சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், ஹூஸ்டனில் ஆட வந்த இடத்தில், ஆட்டத்துக்கு முந்தின இரவு ஹோட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய கல்லூரி ஆட்டங்களின் துணுக்குகள் ஓடின. மிசிசிப்பி வேலி சட்டையில் ஒருவர் பந்துக்கு மேல் பந்தாகப் பிடிப்பதைப் பார்த்தார். 1985 டிராஃப்டில் வால்ஷின் அணிக்கு முதல் சுற்றில் கடைசி இடம், 28. அதுவரை காத்திருந்தால் கைநழுவிவிடும் என்று நியூ இங்கிலாந்து அணியோடு இடம் மாற்றிக்கொண்டு, 16ஆவது ஆளாக ரைஸை எடுத்தார். அவருக்கு முன்னால் இரண்டு ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்திருந்தன: அல் டூன், எடி பிரவுன். இருவரும் பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்கள், நல்ல ஆட்டக்காரர்களும்கூட. ரைஸைத் தயங்கியதற்கு அன்று சொன்ன காரணம், அவர் எடுத்த யார்டெல்லாம் சின்னக் கல்லூரிகளுக்கு எதிராக எடுத்தது என்பதே.

முதல் சீசனில் ரைஸ் பந்துகளைத் தவறவிட்டார், சொந்த அணியின் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். டிசம்பரில், நாடே பார்க்கும் திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 10 பந்துகளைப் பிடித்து 241 யார்டு எடுத்தார். அணி தோற்றது. ஆனால் சின்னக் கல்லூரி என்ற பேச்சு அன்றோடு நின்றது. அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும்: லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் மூன்று வெற்றி, 208 டச்டவுன்.

வால்ஷ் அன்றிரவு டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தால்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. ஏனென்றால் அதே மிசிசிப்பி வேலியில் கால் நூற்றாண்டுக்கு முன்பும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது.

டீகன் ஜோன்ஸ். எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பதற்கு ‘சாக்’ என்ற சொல்லை லீகில் புழங்கவிட்டவர். தென் கரோலினா ஸ்டேட்டில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே கறுப்பினத்தவரின் ஒரு சிவில் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையைப் பறித்துவிட்டார்கள். அங்கிருந்து மிசிசிப்பிக்கு வந்தார். மிசிசிப்பி வேலிக்கு அப்போது மிசிசிப்பி வொகேஷனல் காலேஜ் என்று பெயர். மாநிலத்தின் வெள்ளைப் பல்கலைக்கழகங்களின் வாசலைக் கறுப்பின மாணவர்கள் தட்டாமல் இருக்கவே சட்டமன்றம் 1946இல் அனுமதித்து, 1950இல் திறந்த கல்லூரி. வெளியூர் ஆடப் போனால் எந்த மோட்டலிலும் இடம் தர மாட்டார்கள். எதிரணிக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டுத்தான் பலமுறை படுத்திருக்கிறார்கள். ராம்ஸ் ஸ்கவுட்கள் வேறொரு ஆட்டக்காரரைப் பார்ப்பதற்காகப் படம் போட்டபோது, அந்த ஆளைத் துரத்திப் பிடிக்கும் ராட்சத உருவம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. அதுதான் ஜோன்ஸ். 1961இல் 14ஆவது சுற்றில் எடுத்தார்கள். இன்று டிராஃப்டில் இருப்பதே ஏழு சுற்றுதான்.

படத்தில் தற்செயலாகத் தெரிந்த ஜோன்ஸ், டிவியில் தற்செயலாகத் தெரிந்த ரைஸ். இந்த இரண்டு கதைகளையும் அதிர்ஷ்டக் கதைகளாக எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு சந்தோஷம் வருவதில்லை. தற்செயலை நம்பி இருந்திருந்தால் முப்பது பேர் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போயிருக்க முடியாது. யாரோ சிலர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

வேலை நிமித்தம் நான் டாலஸில் இருந்த காலத்தில் ஒருமுறை ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே காரில் கிளம்பினேன். லூசியானாவுக்குள் நுழைந்து ஷ்ரீவ்போர்ட்டைத் தாண்டிப் போனால் கிராம்ப்ளிங் வரும். அதே சாலையில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து விக்ஸ்பர்க், அப்புறம் ஜேக்சன். அங்கிருந்து வடக்கே திரும்பினால் டெல்டா, இட்டா பீனா. ஒரே பயணத்தில் மூன்று கல்லூரிகளையும் பார்த்துவிடலாம். பைன் மரங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் கிராம்ப்ளிங் ஒரு சின்ன ஊர், கல்லூரியே ஊர். கல்லூரிக்குள், அதன் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த எடி ராபின்சனுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவரே ஒரு முழுக் கல்லூரி நிர்வாகம்.

1941இல், 22 வயதில், பாட்டன் ரூஜில் தீவன ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை இங்கே பயிற்சியாளராகச் சேர்த்தார்கள். உதவிக்கு ஆள் கிடையாது. மைதானத்துப் புல்லை அவரே வெட்டினார், கோடு போட்டார், ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைகளுக்குச் செய்தியையும் எழுதினார். பெண்கள் கூடைப்பந்து அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். வெளியூர் போகும்போது வழியில் வெள்ளையர் உணவகங்களில் உட்கார விட மாட்டார்கள் என்பதால், அணிக்கே சாண்ட்விச் செய்து எடுத்துப் போவார். இரண்டாவது சீசனிலேயே, 1942இல், ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். எதிரணிகள் மொத்தமாக எடுத்த புள்ளி பூஜ்யம்.

காலையில் விடுதியில் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போய் ஆட்டக்காரர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவாராம். அவரிடம் படித்தவர்கள் எந்தப் பேட்டியிலும் வெற்றிகளைச் சொல்வதற்கு முன் அந்த மணியைத்தான் சொல்கிறார்கள். 1997இல் ஓய்வு பெறும்போது 408 வெற்றி. தொழில்முறை அணிகளுக்கு அவர் அனுப்பியவர்கள் 200க்கும் மேல்.

அதில் முதல் ஆள் பால் ‘டேங்க்’ யங்கர். 1949இல் டிராஃப்டில் யாரும் எடுக்காமல், ராம்ஸ் அணி நேரடியாகச் சேர்த்துக்கொண்டது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர். நீ அங்கே நிலைக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு எப்போது வாய்ப்பு வருமோ தெரியாது என்ற பொருளில் ராபின்சன் சொல்லி அனுப்பினார். இருபது, இருபத்தோரு வயதுப் பையன் தலையில் எவ்வளவு பெரிய சுமை! யங்கர் பத்து சீசன் ஆடினார். கிராம்ப்ளிங்கின் பக் புக்கானனை, போட்டி லீகான ஏ.எஃப்.எல்.லில், 1963 டிராஃப்டின் முதல் ஆளாகவே டாலஸ் அணி எடுத்தது; அந்த அணிதான் 1963இல் கான்சஸ் சிட்டிக்கு இடம் மாறியது. முதல் சூப்பர் பவுலில் அந்தப் பக்கம் கான்சஸ் சிட்டியின் புக்கானன், இந்தப் பக்கம் கிரீன் பே அணியின் வில்லி டேவிஸ். இரண்டு பேருமே ராபின்சன் பிள்ளைகள்.

ராபின்சன் ஆட்டக்காரர்களை உருவாக்கினார் என்றால், பில் நன் அவர்களை உலகத்துக்குச் சொன்னார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர். வருஷாவருஷம் தெற்கு முழுக்கச் சுற்றி, கறுப்பினக் கல்லூரி ஆட்டங்களை நேரில் பார்த்து, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று ஒரு அணியை அறிவிப்பார். ஒவ்வொரு கல்லூரிப் பயிற்சியாளரையும் நேரில் தெரியும். ஆனால் அவருடைய சொந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் அந்தப் பட்டியலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தில் ஸ்டீலர்ஸ் ஆட்டத்துக்கே போவதில்லை. விஷயம் தெரிந்து அணியை நடத்திய டான் ரூனி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நன் மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார். அப்படியானால் நீங்களே எங்களுக்கு வந்து வேலை செய்யுங்கள் என்றார் ரூனி. 1967இல் நன் ஸ்டீலர்ஸுக்கு ஸ்கவுட் ஆனார்.

அடுத்த சில வருஷங்களில் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். ஆர்கன்சாஸ் ஏ.எம். அண்ட் என் கல்லூரியிலிருந்து எல்.சி. கிரீன்வுட், பத்தாவது சுற்றில். சதர்னிலிருந்து மெல் பிளவுண்ட். டெக்சாஸ் சதர்னிலிருந்து எர்னி ஹோம்ஸ். தென் கரோலினா ஸ்டேட்டிலிருந்து டானி ஷெல், டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆள். அதுவரை தோல்விக்கே பெயர் போன ஸ்டீலர்ஸ், 1970களில் நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தது.

ஜான் ஸ்டால்வொர்த் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ரிசீவர். பல அணிகளின் ஸ்கவுட்கள் சேர்ந்து ஓட்ட நேரம் பார்க்க வந்தார்கள். மழை பெய்து புல் ஈரமாக இருந்தது. வந்த நேரம் சுமார்தான். குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் ஸ்டால்வொர்த்தை உலர்ந்த தரையில் ஓடவிட்டுப் பார்த்தார். நேரம் நன்றாகவே குறைந்தது. அதோடு கல்லூரியிடம் இருந்த ஆட்டப் படச் சுருளையும் வாங்கிப் போனார். எல்லா அணிகளும் சுற்றுக்கு விட்டுப் பார்க்க வேண்டிய அந்தப் படம் பிட்ஸ்பர்க்கைத் தாண்டி வெளியே போகவில்லை! படத்தைப் பார்த்த பயிற்சியாளர் சக் நோல், முதல் சுற்றிலேயே இவரை எடுத்துவிடலாம் என்றார். நன்னுக்கு மற்றவர்களிடம் என்ன தகவல் இருக்கிறது என்று தெரியும். பொறுங்கள், நான்காவது சுற்றுவரை இவர் இருப்பார் என்றார். சொன்னபடியே இருந்தார். 1974இல் அந்த ஒரே டிராஃப்டில் ஸ்டீலர்ஸ் எடுத்த லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் நான்கு பேருமே ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். வேறெந்த அணியும் ஒரே டிராஃப்டில் இதைச் செய்ததில்லை.

ஸ்டால்வொர்த்துக்கு ஹால் ஆஃப் ஃபேம் 2002இல் கிடைத்தது. அவரைத் தேடிப்போய்ப் பார்த்த நன்னுக்கு 2021இல், அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து. இது நியாயமில்லை.

ஜேக்சனில் ஐ-20 ஓரமாகவே இறங்கி ஜேக்சன் ஸ்டேட் வளாகத்துக்குள் போகலாம். 1970 மே மாதம், நள்ளிரவு கடந்த நேரத்தில், பெண்கள் விடுதிக்கு எதிரே போலீஸ் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் செத்துப்போன வளாகம் இது. அடுத்த வருஷம் இங்கே படிக்க வந்தவர் வால்டர் பேட்டன். மிசிசிப்பிக்காரர், கொலம்பியா என்ற ஊர். அவரோடு அதே அணியில் ராபர்ட் பிரேசில், ஜேக்கி ஸ்லேட்டர். மூவருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம். 1975 டிராஃப்டில் சிகாகோ பேட்டனை நான்காவது ஆளாக எடுத்தது, ஹூஸ்டன் பிரேசிலை ஆறாவதாக எடுத்தது. முதல் ஆறு பேரில் இரண்டு பேர் ஒரே கறுப்பினக் கல்லூரி! பேட்டனின் முதல் ஆட்டத்தில் எட்டுமுறை பந்தோடு ஓடி எடுத்த மொத்த தூரம் பூஜ்யம். 1977இல் காய்ச்சலோடு ஆடி ஒரே ஆட்டத்தில் 275 யார்டு. 13 சீசனில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். 1999இல், நாற்பதுகளின் நடுவிலேயே நோய் கொண்டு போய்விட்டது.

இதுவரை சொன்னவர்களில் ஒருவர்கூடக் குவார்ட்டர்பேக்காக லீகில் நிலைத்தவர் இல்லை. அது தற்செயல் கிடையாது. பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் அந்த இடத்துக்கு மூளை வேண்டும், தலைமை வேண்டும், அது கறுப்பினத்தவருக்கு வராது என்ற எண்ணம் லீக் முழுக்க இருந்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்களை ரிசீவராகவோ தற்காப்பிலோ மாற்றிவிடுவார்கள். டென்னசி ஸ்டேட்டின் எல்ட்ரிஜ் டிக்கியை 1968இல் ஓக்லண்ட் முதல் சுற்றிலேயே எடுத்து, ரிசீவராக மாற்றியது. ராபின்சன் இதற்கென்றே ஜேம்ஸ் ஹாரிஸைத் தயார் செய்தார். வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியே அனுப்பினார். 1969இல் எட்டாவது சுற்றில் பஃபலோ எடுத்த ஹாரிஸ், அந்த சீசனின் முதல் ஆட்டத்தையே குவார்ட்டர்பேக்காகத் தொடங்கினார்.

அவர் விட்ட இடத்தில் வந்தவர் டக் வில்லியம்ஸ். இவரும் கிராம்ப்ளிங். 1978 டிராஃப்டுக்கு முன்னால் டாம்பா பே அணியின் உதவிப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் நேரில் வந்து, வில்லியம்ஸ் ஆசிரியப் பயிற்சிக்காகப் பாடம் நடத்திய வகுப்பிலேயே போய் உட்கார்ந்து பார்த்தார். 17ஆவது ஆளாக எடுத்தார்கள். தொடங்கியதிலிருந்து தோற்றுக்கொண்டே இருந்த அணியை, 1979இலேயே சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம்வரை கொண்டுபோனார். சம்பளமோ மற்ற அணிகளில் பெஞ்சில் உட்காரும் குவார்ட்டர்பேக்குகளை விடக் குறைவு. ஏற்றித் தரச் சொன்னதற்கு முதலாளி மறுத்தார். அதே 1983இல் மனைவி மூளைக்கட்டியால் இறந்தார். கையில் பச்சைக் குழந்தை. வேறொரு லீகுக்குப் போனார், அந்த லீகே மூடிப்போனது. கடைசியில் வாஷிங்டனின் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்த அதே கிப்ஸ் 1986இல் அவரை மாற்று ஆளாகக் கூப்பிட்டுக்கொண்டார்.

1988 ஜனவரி 31, சான் டியாகோ, சூப்பர் பவுல். முந்தின நாள் வில்லியம்ஸ் பல் மருத்துவரின் நாற்காலியில் ரூட் கெனால் செய்துகொண்டார். ஆட்டம் தொடங்கி டென்வர் 10-0 என்று முன்னிலை. முதல் கால்பகுதி முடியும் நேரத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் முறுக்கிக்கொண்டது. களத்தை விட்டு வெளியே போனார். இரண்டாவது கால்பகுதிக்குத் திரும்பி வந்தார். வந்த முதல் பந்தே ரிக்கி சாண்டர்ஸுக்கு 80 யார்டு டச்டவுன். அந்தக் கால்பகுதி முடிவதற்குள் ஐந்து டச்டவுன், 35 புள்ளி. அதில் நான்கு வில்லியம்ஸ் எறிந்தது. ஆட்டம் 42-10. சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. சூப்பர் பவுலைத் தொடங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். மைதானத்தில் ராபின்சனும் இருந்தார். அந்தக் கால்பகுதியின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். முழங்காலில் வலியோடு பின்னால் நகர்ந்து, அவசரமே இல்லாமல், தூரத்தில் ஓடுகிறவரின் கைக்கு நேராக அனுப்புகிறார். ஆட்டம் புரியாதவர்களுக்கும் அந்த நிதானம் புரியும்.

இனி வருத்தமான பகுதி. 1970 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி. பல்கலைக்கழக அணி பர்மிங்காமுக்கு வந்து அலபாமாவை 42-21 என்று தோற்கடித்தது. யு.எஸ்.சி.யின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடினார். அலபாமா அதற்கு முன்பே வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரரை முதல்முறையாக உதவித்தொகை கொடுத்துச் சேர்த்திருந்தது என்றாலும், தெற்கில் ரசிகர்கள் மனசு மாறியது அந்த ராத்திரியில்தான் என்பார்கள். வாசல்கள் திறந்தன. திறக்க வேண்டியவைதான், அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறந்த ஆட்டக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டன. ராபின்சன்களைப் பயிற்சியாளராக எடுக்கவில்லை. டிவிப் பணத்தில் ஒரு காசும் இந்தப் பக்கம் வரவில்லை. இப்போதும் பல கறுப்பினக் கல்லூரி அணிகள், பெரிய அணியிடம் போய் பெரிய வித்தியாசத்தில் தோற்றுவிட்டு, அதற்குக் கிடைக்கும் பணத்தில்தான் மிச்ச விளையாட்டுகளை நடத்துகின்றன. ரைஸும், 1995இல் மூன்றாவது ஆளாகப் போன ஆல்கார்னின் ஸ்டீவ் மெக்நேரும் அந்தப் பழைய நீரோட்டத்தின் கடைசி அலைகள். மெக்நேரைப் பெரிய கல்லூரிகள் கூப்பிட்டன, தற்காப்பில் ஆட. குவார்ட்டர்பேக்காக ஆடவிடுவோம் என்றது ஆல்கார்ன்.

2021 டிராஃப்டில் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூட எடுக்கப்படவில்லை. 250 பேருக்கு மேல் எடுத்த இடத்தில் பூஜ்யம். அதே டிசம்பரில், நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்ட பள்ளி ஆட்டக்காரர் டிராவிஸ் ஹண்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டை உதறிவிட்டு, முன்னாள் என்.எஃப்.எல். நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் பயிற்சி கொடுத்த ஜேக்சன் ஸ்டேட்டுக்கு வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். ஒரு சீசன்தான். சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போக, ஹண்டரும் போனார். அங்கிருந்து 2024இல், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, 2025 டிராஃப்டில் இரண்டாவது இடம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு பிரபல மனிதர் வந்தால் கேமரா வருகிறது, அவர் கிளம்பினால் அதுவும் கிளம்பிவிடுகிறது. ராபின்சன் ஒரே கல்லூரியில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்.

இன்றைக்கு நன் செய்த வேலையை யார் செய்கிறார்கள் என்று தேடினால், அங்கேயும் கிராம்ப்ளிங்காரர்களே நிற்கிறார்கள். ஜேம்ஸ் ஹாரிஸும் டக் வில்லியம்ஸும் சேர்ந்து கறுப்பினக் கல்லூரி ஃபுட்பாலுக்கென்று தனி ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கினார்கள். 2022இல் நியூ ஆர்லியன்ஸில் லெகசி பவுல் என்ற ஆட்டமும் தொடங்கியது. டிராஃப்டுக்குத் தகுதியான கறுப்பினக் கல்லூரி ஆட்டக்காரர்களை ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஸ்கவுட்கள் முன்னால் பயிற்சி செய்யவைத்து, டிவியில் ஆடவிட்டார்கள். அந்த வருஷ டிராஃப்டில் நான்கு பேர் எடுக்கப்பட்டார்கள். தென் கரோலினா ஸ்டேட்டின் கோபி டுரான்ட்டை ராம்ஸ் எடுத்தது. ஃபேயட்வில் ஸ்டேட் என்ற இரண்டாம் தரப் பிரிவுக் கல்லூரியின் ஜோஷுவா வில்லியம்ஸை நான்காவது சுற்றில் கான்சஸ் சிட்டி எடுத்தது. முதல் இரண்டு சீசனிலும் அவர் அணி சூப்பர் பவுல் ஜெயித்தது. அவர்களுக்குப் பிறகு எண்ணிக்கை மறுபடியும் இறங்கிவிட்டது. அந்த ஆட்டம் பிப்ரவரியில் வந்தது, டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். நான் பார்த்தேன், இனி நடக்கும்போது நீங்களும் பாருங்கள்.